தனிக் கிண்ணம்

பந்தியில் அமர்ந்தோர் அனைவருக்கும் ஒரே உணவைப் பரிமாறுவதே சமத்துவம் என எண்ணுகிறோம். அவ்வுணவே ஒருவருக்குத் தீங்காகுமெனில் என் செய்வது? சீலியாக் நோய் இக்கேள்வியை நம்முன் வைக்கிறது.

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்னும் பசைப்புரதம் உண்டு. இந்நோயுற்றோர் அதை உண்டால், உடலின் எதிர்ப்பாற்றலே சிறுகுடலின் உட்சுவரைச் சிதைக்கிறது. கோதுமையே இதற்குக் காரணம் என்பதை டச்சு மருத்துவர் வில்லெம் டிக்கே 1950-இல் தம் ஆய்வேட்டில் விளக்கினார். இன்றும் இதற்குரிய மருத்துவம், குளூட்டனை வாழ்நாள் முழுவதும் விலக்குவதே. அரிசி உண்ணும் நமக்கு இது எளிதென்று தோன்றலாம். ஆயின், கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் மைதா கலந்திருப்பதுண்டு. ஒரு சிட்டிகையும் கேடு விளைவிக்கும். விருந்துக்கு அழைத்தவரிடம், "குழம்பில் என்ன சேர்த்தீர்கள்?" எனக் கேட்கும் கூச்சம் நோயினும் கொடியது.

இக்கூச்சம் ஆலயத்திலும் தொடர்கிறது. நற்கருணை அப்பம் கோதுமையால் ஆனது. "ஆண்டவரின் உடல் தீங்கு செய்யுமா? விசுவாசம் போதாதா?" எனச் சிலர் கேட்பர். அவர்கள் திருச்சபையின் போதனையையே மறந்துவிடுகின்றனர். உட்பொருள் கிறிஸ்துவின் உடலாக மாறினும், அப்பத்தின் புற இயல்புகள் மாறுவதில்லை என்பதன்றோ நம் விசுவாசம்? சுவையும் நிறமும் நிலைப்பதுபோல், குடலைப் புண்ணாக்கும் இயல்பும் நிலைக்கிறது. எனவே, எச்சரிக்கை அவிசுவாசம் ஆகாது. உடலைப் பேணுவதும் படைத்தவருக்குச் செய்யும் கடமையே.

குளூட்டன் முற்றிலும் நீக்கப்பட்ட அப்பம் திருவருட்சாதனத்திற்கு ஏற்றதன்று. குறைந்த குளூட்டன் உள்ள அப்பம் ஏற்றது என்று உரோமை 2003-இல் அறிவித்து, 2017-இல் மீண்டும் வலியுறுத்தியது. அதையும் உண்ண இயலாதோர் திருஇரத்தத்தை மட்டும் பெறலாம். ஒரே வடிவில் பெறுவோரும் கிறிஸ்துவை முழுமையாகவே பெறுகின்றனர் என்பது 1562-இல் திரிதெந்தின் பொதுச்சங்கம் உரைத்த உண்மை. ஆனால், குருவானவர் அப்பத்தைப் பிட்டு ஒரு துணுக்கைக் கிண்ணத்தில் இடுகிறாரே! ஆகவே, அத்துணுக்கு விழாத தனிக் கிண்ணம் ஒன்று தேவைப்படுகிறது.

தனிக் கிண்ணம் என்பது பிரிவினையா? சாதியின் பெயரால் தனிக் குவளை நீட்டிய நாட்டில் இக்கேள்வி சுடவே செய்யும். அக்குவளை மனிதரை விலக்கி வைக்க நீட்டப்பட்டது. இக்கிண்ணமோ விலகி நிற்பவரைத் திருவிருந்தில் சேர்க்க வைக்கப்படுகிறது. வடிவம் ஒன்றாயினும் நோக்கம் வேறு. சிலர் முந்தி உண்ண, ஏழைகள் பசித்திருந்த கொரிந்து சபையைப் பவுலடியார் கடிந்துகொண்டார். அங்கே குறைந்தது அப்பமன்று, பிறரைக் குறித்த கரிசனை.

நம் பங்கிலும் திருப்பலி முடியும்வரை இருக்கையிலேயே அமர்ந்திருப்பவர் ஒருவர் இருக்கக்கூடும். காரணத்தை நாமே கற்பித்துக்கொள்ள வேண்டாம். அவர் கூசாமல் பங்குத்தந்தையிடம் பேசவும், அவருக்கென ஒரு கிண்ணம் பீடத்தில் இடம்பெறவும் துணைநிற்போம். அவரும் உண்டால்தான் அது நம் அனைவரின் விருந்து.