கரை இறங்கிய பிறகு

விடிகாலை, சென்னை காசிமேட்டு மீன் ஏலக்கூடத்தில் ஐஸ் உடைக்கும் ஒடிசா இளைஞர் ஒருவர் ஒரு மீனைத் தூக்கிக் காட்டி, "இது என்னம்மா?" என்று கேட்டார். "சங்கரா" என்றார் மீன்காரம்மா. "சொங்கரா." "சொங்கரா இல்லப்பா, சங்கரா. வாயத் தொறந்து சொல்லு." மூன்றாவது தடவை சரியாக வந்தது. அந்த அம்மா தன் டீயில் பாதியை அவருக்கு ஊற்றிக் கொடுத்தார்.

எனக்குக் கால்டுவெல் நினைவு வந்தது. அயர்லாந்தில் ஏழை வீட்டில் பிறந்து, கிளாஸ்கோவில் படித்த ராபர்ட் கால்டுவெல் 1838 ஜனவரியில் சென்னைக்கு வந்தார். வயது 23. அப்போது இங்கே துறைமுகம் கிடையாது. கப்பல் தள்ளி நிற்கும். ஆணி இல்லாமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளில் இந்தக் கரையின் மக்கள்தான் வந்தவர்களை அலை தாண்டி இறக்கிவிடுவார்கள். போதிக்க வந்த பாதிரியார் முதலில் மாணவராக உட்கார்ந்தார். மூன்று வருடத்துக்கு மேல் சென்னையில் தமிழ் படித்தார். 1841இல் தெற்கே கிளம்பியபோது பெரும்பாலும் நடந்தே போனார். பல்லக்கில் போயிருந்தால் மக்கள் பேச்சு அவர் காதில் விழுந்திருக்குமா?

தேரி மணலும் பனையுமான இடையன்குடிதான் அதன்பின் அவர் ஊர். நாகர்கோவிலில் வளர்ந்த மனைவி எலைசாவுக்கு அவரைவிடத் தமிழ் சரளம். திராவிட மொழிகள் தனிக் குடும்பம் என்று நிறுவிய கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் 1856இல் வெளிவந்தது.

ஒரு தவற்றையும் சொல்லியாக வேண்டும். தம்மை ஏற்றுக்கொண்ட பனையேறும் மக்களைப் பற்றி 1849இல் அவர் எழுதிய நூல் அவர்களை ஆழமாகப் புண்படுத்தியது. கேட்பதை விட்டுத் தீர்ப்புச் சொல்லத் தொடங்கிய இடத்தில் அவர் சறுக்கினார் என்றே நினைக்கிறேன். ஆனாலும் அந்த மக்கள் நடுவிலேயே வாழ்ந்தார். இடையன்குடியில் 1847இல் தொடங்கிய கிறிஸ்தவக் கோயில் வேலை 1880இல்தான் முடிந்தது.

அவரும் வெளியிலிருந்து வந்தவர்தான். இன்று வருபவர்களை மட்டும் 'பொழைக்க வந்தவன்' என்று நாம் எத்தனை சுலபமாகச் சொல்லிவிடுகிறோம்! நம் லாஞ்சுகளில் வலை இழுப்பவர்களும் ஐஸ் சுமப்பவர்களும் எத்தனையோ ஊர்க்காரர்கள். அவர்களில் எத்தனை பேரை நாம் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறோம்? ஒரு சொல்லைத் திருத்திக் கொடுக்க அந்த அம்மாவுக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.

கால்டுவெல் 1891 ஆகஸ்ட் 28ஆம் தேதி கொடைக்கானலில் காலமானார். உடலை மலையிலிருந்து இறக்கி இடையன்குடிக்குக் கொண்டுபோய், அவர் கட்டிய கோயிலுக்குள்ளேயே அடக்கம் செய்தார்கள்.