கதம்பமும் அத்தரும்

கீரமங்கலம் பூச்சந்தையில் பொழுது விடியுமுன்னரே வாணிபம் தொடங்கிவிடும். சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்து மல்லிகையும் முல்லையும் சம்பங்கியும் கனகாம்பரமும் சாக்குகளில் வந்திறங்கும். சுபுஹுத் தொழுகை முடித்து அவ்வழியே திரும்புகையில், வாழைநாரில் கதம்பம் தொடுக்கும் பெண்மக்களின் கைவேகத்தைக் கண்டு நாம் நின்றதுண்டு. அண்மையில் எழுந்த ஒரு வினாவுக்கு அக்கதம்பமே நமக்கு வழி காட்டிற்று.

நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர், இன்று பிள்ளைகுட்டிகளோடு வாழ்பவர், ஒரு மாலையில் கைப்பேசியைக் கொணர்ந்து, "ஹஜ்ரத், இதைச் சற்றுக் கேளுங்கள்" என்றார். நாகூர்ப் பாடகர்கள் இறைவனை விளித்து உருகிப் பாடுகின்றனர். குரல் நமக்குப் பழகியது. உடன் எழுந்த ஒலிகளோ பழகாதவை. "நம்மவர் பாட்டோடு அயலார் இசையைக் கலந்திருக்கிறார்களே, இது முறைதானா?" என்று கேட்டார் அவர்.

அவர் கொணர்ந்தது இன்னதென்பதை வாசகர்க்குக் கூறிவிடுவோம். 26.12.2004 அன்று கடல் பொங்கிக் கரைகளை விழுங்கியதை யாரே மறப்பர்? அதன் பின்னர், சென்னையைச் சேர்ந்த எர்த்சிங்க் என்னும் இசை நிறுவனத்தார் இந்தியா, இலங்கை, மாலத்தீவு, மியான்மர், தாய்லாந்து, இந்தோனேசியா ஆகிய ஆறு நாடுகளின் கரைகளுக்குச் சென்றனர். ஆங்காங்கு வாழும் மக்கள் தத்தம் மொழியில் பாடுவதை அவரவர் மண்ணிலேயே பதிவு செய்தனர். பின்னர் அவற்றை ஒலிக்கூடத்தில் இணைத்து, 'லயா பிராஜெக்ட்' என்னும் பெயரால் 2007இல் படமாகவும் இசைத்தொகுப்பாகவும் வெளியிட்டனர்.

இசை கூடுமா, கூடாதா என்பதில் மார்க்க மேதைகள் பல நூற்றாண்டுகளாகக் கருத்து வேறுபட்டே வந்துள்ளனர். அதற்கு இக்கட்டுரையில் தீர்ப்புக் கூற நாம் முற்படவில்லை. மாணவர் கேட்டது வேறு. பலர்க்குரிய மரபுகளை ஒன்றாய்க் கலப்பது அறமா என்பதே அவர் வினா.

கி.பி. 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது இஹ்யாவில் இசை கேட்டலுக்கென ஒரு தனிப் பகுதியே வகுத்துள்ளார்கள். அதன் ஒழுங்குகளைக் கூறுமிடத்து ஸமான், மகான், இக்வான் என்னும் மூன்றை, அதாவது காலம், இடம், உடனிருக்கும் தோழர் என்பவற்றை, எண்ணிப் பார்க்கச் சொல்கிறார்கள். இம்மூன்றில் தோழர் என்னும் சொல்லே நம் வினாவுக்குத் திறவுகோல் என்பது நமது எண்ணம். கலக்கும் இசைகள் ஒன்றுக்கொன்று தோழமை பூண்டனவா, அல்லது ஒன்று மற்றொன்றுக்கு ஏவல் செய்கிறதா என்றே நாம் பார்த்தல் வேண்டும்.

தோழமைக்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. பக்கீர்ஷாக்கள் கையிலேந்தும் தாயிராவை நாம் அறிவோம். அரபியில் அச்சொல்லுக்கு வட்டம் என்பது பொருள். மரவளையத்தின் ஒருபுறம் தோல் போர்த்த அக்குடும்பத்தைச் சேர்ந்ததே கஞ்சிராவும். நம் புதுக்கோட்டையின் மான்பூண்டியா பிள்ளை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்த எளிய கருவியைச் செப்பம் செய்து கச்சேரி மேடையில் ஏற்றினார். அவர் மாணவர் தட்சிணாமூர்த்திப் பிள்ளை அதன் புகழை மேலும் வளர்த்தார். கஞ்சிராவின் வளையத்தைக் கடைவது பலாமரத்தில். அம்மரம் கீரமங்கலத்துத் தோப்புகளிலும் செழித்து நிற்பது. இவ்வாறு மேடையேறிய கஞ்சிரா மிருதங்கமாக மாறிவிடவில்லை. மிருதங்கத்தின் பின்னே ஒளிந்துகொள்ளவும் இல்லை. தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கம் சொல்லி முடிக்கும் வரை காத்திருக்கிறது. பின்னர்த் தன் குரலிலேயே விடை சொல்கிறது. தோழமையின் இலக்கணம் இதுவன்றோ!

இதனினும் உயர்ந்த சான்று ஒன்றுண்டு. ஒரு பெருநாளன்று ஹபஷிகள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பள்ளியில் கேடயமும் ஈட்டியும் ஏந்தித் தம் நாட்டு ஆட்டத்தை ஆடினர். அண்ணலார் அதனைத் தடுக்கவில்லை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் போதுமென்னும் வரை அதனைக் காணத் துணை நின்றார்கள். அந்த அயல்நாட்டார் அரபிகளைப் போல் ஆடுமாறு கேட்கப்படவில்லை என்பதை அன்பர்கள் நோக்குக. தாம் தாமாகவே வந்தனர், அவ்வாறே வரவேற்கப்பட்டனர். மக்களைப் பல இனத்தாராய்ப் படைத்தது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே என்னும் கருத்தை ஹுஜுராத் அத்தியாயம் உணர்த்துகிறது. அறிவதற்கு வேற்றுமை எஞ்சியிருக்க வேண்டும். யாவற்றையும் கரைத்துவிட்ட பின் எதை அறிவது?

இங்கேதான் பூச்சந்தை நம் நினைவுக்கு வருகிறது. பூக்களைக் கலப்பதற்கு இரு வழிகள் உண்டு. ஒன்று கதம்பம், மற்றொன்று அத்தர். கதம்பத்தில் கனகாம்பரம் கனகாம்பரமாகவே இருக்கிறது. மரிக்கொழுந்து தன் மணத்தை விடுவதில்லை. நார் மட்டுமே பொது. அத்தரிலோ பூ காய்ச்சி வடிக்கப்பட்டு எண்ணெயில் ஒன்றிவிடுகிறது. மணம் இனிதே; நாமும் ஜும்ஆவுக்குப் பூசுவதே. ஆயினும், எந்தத் தோட்டத்துப் பூ, யார் பறித்தது என்று அதனிடம் கேட்க முடியாது. இசையை அத்தராக வடிப்போர் இன்று மிகுந்துவிட்டனர். எவரோ ஓர் ஏழைக் கலைஞரின் குரலில் ஒரு துணுக்கை வெட்டியெடுத்து, பெயரின்றி, பொருளறியாமல், கூலியும் தராமல் தம் பாட்டுக்கு மணமாகச் சேர்ப்பது கலப்பன்று. அமானிதத்தில் செய்யும் மோசடி.

அப்பதிவை நாம் மும்முறை கேட்டோம். இழப்பு இல்லையென்று சொல்ல மாட்டோம். தர்காவின் இரவும், சூழ அமர்ந்திருப்போரின் பெருமூச்சும் அதில் இல்லை. காலமும் இடமும் அகன்று நிற்கின்றன. ஆனால் பாடுவோரின் சொல் சிதைக்கப்படவில்லை. அவர்கள் பெயரும் மறைக்கப்படவில்லை. அப்துல் கனி, அஜா மைதீன், சாபுர் மைதீன் பாபா சாபீர் என்னும் மூவரின் பாடல்களைக் கொண்டே 'நாகூர் செஷன்ஸ்' என்னும் தனித் தொகுப்பும் பின்னர் அந்நிறுவனத்தாரால் வெளியிடப்பட்டது. ஆதலின், "தம்பி, இது கதம்பத்தின் பக்கமே சாய்கிறது" என்றோம். மாணவர் நிறைவோடு விடைபெற்றார்.

நமக்கோ அன்றிரவு உறக்கம் வரவில்லை. ஏறத்தாழ 30 ஆண்டுகளுக்கு முன், ஸனது பெற்று வந்த புதிதில், நம் தெருவில் ரமளான் இரவுகளில் ஒரு முதிய பாவா தப்ஸ் கொட்டி ஸஹருக்கு எழுப்பி வருவார். தமிழும் உருதுவும் அரபியும் அவர் பாட்டில் விரவி வரும். அரபிச் சொற்களை அவர் பிழைபட உச்சரிப்பது நமக்குப் பொறுக்கவில்லை. ஓரிரவு வழிமறித்து, "பள்ளியில் ஒலிபெருக்கி இருக்கிறது, இனி உங்களுக்குச் சிரமம் வேண்டாம்" என்றோம். அவர் தலையசைத்துவிட்டுச் சென்றார். மறுநாள் முதல் வரவில்லை. பெருநாள் காசு வாங்கவும் வரவில்லை. பிள்ளைகள் மட்டும் சில நாள் அவரைத் தேடினர்.

பிழையைத் திருத்த ஆசிரியனாகிய நமக்கு உரிமை உண்டு. அதை அவர் அருகில் அமர்ந்து, ஒரு குவளைத் தேநீர் தந்து செய்திருக்கலாம். அதற்கு மாறாக, மும்மொழியும் தோழமையாய் வாழ்ந்த ஒரு நாவை நாம் வாயடைக்கச் செய்தோம். கடல் கடந்து கேட்கப்படும் பாடகர்களின் பெயர்கள் தொகுப்பின் மேல் அச்சாகியுள்ளனவா என்று இன்று கண்ணாடி அணிந்து தேடிய நாம், நம் வாசலுக்கு ஆண்டுதோறும் வந்தவரின் பெயரைக் கேட்டதில்லை.

கலப்பு முறையா என்று பிறரை வினவுமுன், நம்மோடு கலந்து வாழ்ந்தோரை நாம் தோழராய் நடத்தினோமா என்று வினவுவதே முதற்கடமை. உங்கள் தெருவில் இன்னும் ஒரு பாவா வருவாராயின், அருள்கூர்ந்து அவர் பெயரைக் கேட்டு உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். பெயரறியாத அம்முதியவருக்கு வல்ல இறைவன் நற்கூலி வழங்குவானாக, நம்மையும் மன்னிப்பானாக. ஆமீன்.