அடங்குதலும் நம்புதலும்

ஓர் உயிர் நம் கையில் அசையாமல் கிடக்கிறது. அது நம்மை நம்பி அமைதியாக இருக்கின்றதா? அன்றி, எதிர்த்துப் பயனில்லை என்று கண்டு அடங்கிக் கிடக்கின்றதா? புறத்தே நோக்குவார்க்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். அறத்தின் கண்கொண்டு நோக்கினால் இரண்டிற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேற்றுமை உண்டு. இவ்வேற்றுமையை ஆராய, நம்மோடு பழகிய நாயையும் பசுவையும்விட, மனிதர் பெரிதும் அஞ்சுவதும் மனிதரைப் பெரிதும் அஞ்சுவதுமாகிய பாம்பே தக்க சான்றாகும்.

மேலை நாடுகளில் பாம்பை வீட்டில் வளர்ப்போர் பலர். அவர்கள் மிகுதியாக வளர்ப்பவற்றுள் ஒன்று, மேற்கு ஆப்பிரிக்காவிலும் நடு ஆப்பிரிக்காவிலும் வாழும் பந்து மலைப்பாம்பு. அது நஞ்சற்றது, பெரும்பாலும் 3 முதல் 5 அடி நீளம் வளர்வது, நன்கு பேணினால் 20, 30 ஆண்டுகள் வாழ்வது. அஞ்சும்போது தலையை நடுவே மறைத்து உடலைப் பந்துபோலச் சுருட்டிக் கொள்வதால் அதற்கு இப்பெயர் வந்தது. பெனின் நாட்டின் உவீதா நகரில் இப்பாம்புகளுக்கென ஒரு கோயிலே உண்டு. அங்கு மக்கள் அவற்றைப் போற்றுகின்றனர். அதே நாட்டிலிருந்தும், அண்டை நாடுகளாகிய டோகோ, கானா ஆகியவற்றிலிருந்தும், இப்பாம்புகள் விற்பனைக்காக அயல்நாடுகளுக்கு அனுப்பப்படுகின்றன.

இத்தகைய பாம்பு ஒன்றை ஒருவர் வாங்கி வந்தார் எனக் கொள்வோம். கூண்டைத் திறந்து கையை நீட்டுகிறார். பாம்பு சீறுகிறது, கழுத்தை வளைத்துப் பின்னிழுத்து, வெடுக்கெனத் தாக்குகிறது. “இது சினம் மிக்க பாம்பு; கொடிய குணமுடையது” என்று அவர் முடிவு செய்கிறார். இம்முடிவு பிழையானது. மேலிருந்து இறங்கும் கை அதற்குப் பருந்தின் காலாகவே தோன்றும். அதற்குப் புறச்செவி இல்லை. நிலத்தின் அதிர்வையும் தாழ்ந்த ஒலிகளையும் உட்செவியால் உணர்கிறது. நாவை நீட்டிக் காற்றின் மணத்தை அறிகிறது. உதட்டருகே உள்ள குழிகளால் வெம்மையை உணர்கிறது. அவ்வுணர்வுக்கு நம் கை முகமோ பெயரோ உடையதன்று. தன்னை நெருங்கும் பெரிய வெம்மை ஒன்றே. ஆதலின் நாம் சினம் எனக் காண்பது உண்மையில் அச்சம். ஓடுவதற்கு வழியிருந்தால் அது ஓடியிருக்கும். வழியை அடைத்தவர் நாமே.

அச்சமே நோய் எனின், மருந்து யாது? முதலாவது, தனிமை. புதிதாக வந்த பாம்பை ஓரிரு வாரம் தொடாமல் விட்டு, அது தானாக இரையுண்ணத் தொடங்கும் வரை காத்திருக்க வேண்டும். உடல் மறையும் அளவே உள்ள ஒளிவிடங்கள் இரண்டு வேண்டும். ஒன்று கூண்டின் வெம்மையான புறத்தில், மற்றொன்று குளிர்ந்த புறத்தில். மறைவிடம் இல்லாத பாம்புக்கு அமைதி வாராது. இரண்டாவது, காலம் அறிதல். இரையுண்டபின் இரண்டு நாளேனும் அதனைத் தூக்கலாகாது. தோலுரிக்கும் முன் அதன் கண்கள் நீலம் பாய்ந்து மங்கும், அப்போதும் தீண்டலாகாது. மூன்றாவது, தீண்டும் முறை. எலியின் மணம் நீங்கக் கைகளைக் கழுவிக்கொண்டு, மேலிருந்து அன்றிப் பக்கத்திலிருந்து மெல்ல அணுக வேண்டும். தலையைப் பற்றாமல், உடலின் நடுப்பகுதியை இரு கைகளாலும் தாங்க வேண்டும். முதலில் ஐந்து நிமிடம் போதும். வாரத்தில் சில நாள் போதும். அது கடித்துவிட்டாலும் கையை வெடுக்கென இழுத்தலாகாது. உள்நோக்கி வளைந்த அதன் பற்கள் நம் தோலைக் கிழிப்பதோடு அதன் வாயையும் புண்படுத்தும்.

இவை அனைத்திலும் மேலானது ஒன்று உண்டு. அதன் மறுப்பைக் கேட்டல் என்பதே அது. கழுத்து வளைந்தது, மூச்சு விரைந்தது, உடல் இறுகியது எனில், அது தன் மொழியில் “வேண்டா” என்று கூறுகிறது. அச்சொல்லைக் கேட்டவுடன், அது தாக்கும் நிலைக்கு வருமுன்பே, நாம் நின்றுவிடல் வேண்டும். மெல்லிய குறிப்புக்கே நாம் செவிசாய்ப்போமாயின், அதற்குக் கடிக்க வேண்டிய தேவை ஏற்படாது.

ஈண்டுச் சிலர் வேறு வழி கூறுவர். “பாம்பு எவ்வளவு திமிறினாலும் விடாதே. அது ஓயும்வரை பிடித்துக்கொண்டிரு. நாளடைவில் அடங்கிவிடும்” என்பது அவர் கூற்று. அடங்கும் என்பது உண்மையே. ஆனால் அவ்வடக்கம் யாது?

1967ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியலாளர் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் ஆகிய இருவரும் நாய்களைக் கொண்டு நடத்திய சோதனைகளை வெளியிட்டனர். தப்ப இயலாத மின்னதிர்ச்சிக்கு ஆளான நாய்களிற் பல, பின்னர்த் தடுப்பைத் தாண்டித் தப்பும் வாய்ப்பிருந்தும் முயலாமல் படுத்துவிட்டன. அச்சோதனையின் கொடுமையை நாம் ஒப்பவில்லை. அது காட்டிய உண்மையை மறக்கவும் கூடாது. அந்நாய்கள் அமைதியாகத்தான் கிடந்தன. அவ்வமைதியை நம்பிக்கை என்று யாரேனும் கூறுவரோ? அரை நூற்றாண்டு கழித்து, 2016இல், அவ்விருவரும் தம் கருத்தையே திருத்தினர். நெடுந்துன்பத்தில் செயலற்றுக் கிடத்தல் கற்றுக்கொள்ளப்படுவதன்று. அது இயல்பாகவே நேர்வது. உயிர் கற்றுக்கொள்வது, ‘என் செயலுக்குப் பயனுண்டு’ என்பதையே என்றனர். நாயின் மூளை வேறு, பாம்பின் மூளை வேறு என்பது மெய்யே. எனினும், பிடித்து ஓயவைத்தலைப் பழக்குதல் என்று அழைக்கும் முன் நம்மை நிறுத்திச் சிந்திக்க வைக்க இஃது ஒன்றே போதும்.

பந்து மலைப்பாம்பின் உடலும் இதற்குச் சான்று பகரும். அச்சத்தால் நலிந்த பாம்பு கையில் அசையாதிருக்கலாம். ஆனால் வாரக்கணக்கில் இரையை மறுக்கும். நம்மூர்ப் பாம்பாட்டியின் கூடையிலும் இதனைக் கண்டோம். நச்சுப்பல் பிடுங்கப்பட்ட நாகம் மகுடியின் அசைவைத் தொடர்ந்து ஆடிற்று. காண்போர் அதனை இசைக்கு மயங்கியதாகக் கொண்டனர். அது மயக்கமும் அன்று, இணக்கமும் அன்று. மறுக்கும் ஆற்றல் பறிக்கப்பட்ட நிலை.

ஆகவே, நாம் தெளிய வேண்டுவது இது: மறுக்கக் கூடிய உயிர் மறுக்காதிருப்பதே நம்பிக்கை, மறுக்க இயலாத உயிர் மறுக்காதிருப்பது அடக்கம். பொறுமையுள்ள வளர்ப்போர் சிலர் கூண்டின் கதவைத் திறந்துவைத்துக் கையை அருகே வைத்துக் காத்திருக்கின்றனர். பாம்பு நாவை மெல்ல நீட்டி ஆராய்ந்து, வந்தால் வருகிறது, திரும்பினால் திரும்புகிறது. அது அவர்மீது அன்பு கொண்டது என்று கூற நமக்கு ஆதாரம் இல்லை, கூறவும் தேவையில்லை. ‘இக்கையால் எனக்குத் தீங்கில்லை’ என அது இருக்குமாயின் அதுவே போதும். அதற்குத்தான் அபயம் என்று பெயர்.

அங்குத்தர நிகாயத்தில் இதற்கு ஒளி தரும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. சாவத்தியில் பிக்கு ஒருவர் பாம்பு கடித்து இறந்தார். அச்செய்தி கேட்ட பகவன், பாம்புகளைக் கொல்லுமாறோ விரட்டுமாறோ பணிக்கவில்லை. பாம்பின் நான்கு அரச குலங்களின்பாலும் மைத்திரியைப் பரப்புமாறு அருளினார். அப்பரித்தத்தின் முடிவை நாம் ஊன்றி நோக்க வேண்டும். காலில்லா உயிர் முதல் பலகால் உயிர் ஈறாக அனைத்தும் நலமுறுக என வாழ்த்தியபின், அவ்வுயிர்கள் அகன்று செல்க என்றே அது வேண்டுகிறது. என் மடியில் வந்து அமர்க என்று கேட்கவில்லை. விலகிச் செல்லும் உரிமையை விட்டுவைப்பதே மைத்திரி. நெருங்கி வரவேண்டும் என வற்புறுத்துவது அன்பின் உடை தரித்த ஆசை.

அங்ஙனமாயின், கூண்டில் வைத்தலே தீங்கன்றோ என வினவலாம். நேர்மையான வினா. காட்டிலிருந்து ஓர் உயிரைப் பறித்தல் எவ்வாற்றானும் தகாது. நம் நாட்டுப் பாம்புகளைப் பிடித்து வளர்த்தல் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும் ஆகும். ஈண்டுக் கூறிய முறைகள் நஞ்சுள்ள பாம்புக்கு ஒருபோதும் பொருந்தா. ஆனால் கூண்டிலேயே பிறந்து, காட்டில் விட்டால் பிழைக்கவியலாத உயிர்க்கு நாம் கடன்பட்டவர்கள். சுதந்திரத்தை முழுதும் தர இயலாத இடத்தில், மறுக்கும் உரிமையையேனும் தருதல் அக்கடனின் தொடக்கம்.

இப்பாடம் கூண்டோடு நில்லாது. “என் பிள்ளை ஒரு சொல் எதிர்த்துப் பேசமாட்டான்” என்று பெருமை கொள்ளும் தந்தையும், வகுப்பில் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதியைத் தன் வெற்றியாகக் கருதும் ஆசிரியரும் ஒருகணம் தம்மைத் தாமே வினவிக்கொள்ளட்டும்: இஃது அடக்கமா, நம்பிக்கையா? விடை அறிய வழி எளிது. கையைத் தளர்த்திப் பார்த்தல் வேண்டும். தளர்ந்த கையிலும் எது தங்கியிருக்கின்றதோ, அதுவே நம்மை நம்பியது.