வீரத்திற்குச் சான்று கேட்கலாமா?

பொன்னை உரைகல்லில் தேய்த்துப் பார்ப்பதைப் பொற்கொல்லர் எவரும் அவமதிப்பாகக் கொள்வதில்லை. ஆனால், மார்பில் வீரப் பதக்கம் அணிந்து நிற்கும் ஒருவரை நோக்கி, ‘ஐயா, இஃது உங்களுக்கு எந்த ஆண்டில், எந்தக் களத்தில் செய்த செயலுக்காக வழங்கப்பட்டது?’ என்று வினவப் பலருக்கும் நா எழுவதில்லை. உயிரைப் பணயம் வைத்தவரிடம் சான்று கேட்பது நன்றி கொன்ற செயல் எனத் தோன்றுகிறது. இந்த நாகரிகத் தயக்கமே போலி வீரனுக்குப் புகலிடமாகவும் அமைந்துவிடுகிறது. அங்ஙனமாயின், ஐயுறுவது அறமா, ஐயுறாதிருப்பது அறமா?

இவ்வினாவை அமெரிக்க நாட்டின் வரலாற்றில் வைத்து ஆராய்வது பயனுடையது. அந்நாட்டின் மிக உயர்ந்த வீர விருது ‘மெடல் ஆஃப் ஆனர்’ என்பதாகும். உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் இது தோன்றியது. 1863ஆம் ஆண்டு சூன் திங்களில் தென்னகத் தளபதி லீயின் படை பென்சில்வேனியாவை நோக்கிப் புறப்பட்டபோது, தலைநகர் வாசிங்டனுக்குக் காவல் போதவில்லை. அவ்வேளையில் மெய்ன் மாநிலத்தின் இருபத்தேழாம் படைப்பிரிவினருக்குப் பணிக்காலம் முடிந்திருந்தது. அவர்கள் இன்னும் சில நாள்கள் தங்கினால் பதக்கம் வழங்கப்படும் எனப் போர்த்துறைச் செயலர் ஸ்டான்டன் வாக்களித்தார். ஏறத்தாழ முந்நூறு பேர் தங்கினர். ஏனையோர் வீடு திரும்பினர். கெட்டிஸ்பர்க் போர் வேறிடத்தில் முடிந்துவிட்டதால், தங்கியவர்களும் பகைவரை எதிர்கொள்ள நேரவில்லை.

தங்கியவர் யார், சென்றவர் யார் என்ற சரியான பட்டியல் அரசிடம் இல்லை. விளைவு, அப்படைப்பிரிவினர் அனைவர் பெயராலும் 864 பதக்கங்கள் செய்யப்பட்டன! படைத்தலைவர் வென்ட்வொர்த் நேர்மையாளர். தாம் அறிந்தவரை, தங்கியவர்களுக்கு மட்டும் வழங்கிவிட்டு, எஞ்சிய பதக்கங்களைத் தம் வீட்டுக் களஞ்சியத்தில் வைத்துப் பூட்டினார். ஆயினும், அரசின் ஏட்டில் 864 பெயர்களும் நின்றன. பொய் சொன்னவர் எவருமில்லை. எனினும், ஏடு பொய் சொல்லிற்று. எழுத்தில் இருப்பதெல்லாம் மெய் என்று மாணவருக்குக் கற்பிக்கும் பழக்கமுடையோர் இந்நிகழ்ச்சியைச் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

இக்குழப்பத்தைத் தீர்க்க அமெரிக்க நாடாளுமன்றம் 1916இல் சட்டம் இயற்றியது. ஓய்வு பெற்ற தளபதிகள் ஐவர் கொண்ட குழு அமைந்தது. அதன் தலைவர் மைல்ஸ் தாமும் அவ்விருதைப் பெற்றவர். குழுவினர் முன் வைக்கப்பட்ட ஆவணங்களில் பெயர்கள் இல்லை. எண்கள் மட்டுமே இருந்தன. ஆளைப் பாராமல் செயலைப் பார்க்க வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. தேர்வுத்தாளில் பெயருக்குப் பதில் எண் எழுதச் சொல்லும் ஆசிரியருக்கு இதன் அருமை எளிதில் விளங்கும். 1917இல் 911 பெயர்கள் நீக்கப்பட்டன. மெய்ன் படையினர் 864 பேர் அவற்றுள் அடங்குவர். கொலையுண்ட தலைவர் லிங்கனின் உடலுக்குக் காவலாகச் சென்ற 29 பேரும் நீக்கப்பட்டனர்.

நீக்கப்பட்டோருள் மேரி வாக்கர் என்னும் பெண் மருத்துவரும் ஒருவர். போர்க்களத்தில் மருத்துவம் புரிந்தவர். 1864இல் பகைவரிடம் சிறைப்பட்டவர். அவர் படையில் முறையாகச் சேர்ந்தவரல்லர், பொதுமக்களுள் ஒருவர் என்பதே நீக்கத்திற்குக் காரணம். அவர் பதக்கத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார். 1919இல் இறக்கும்வரை அணிந்தே வாழ்ந்தார். 1977இல் அரசு அவர் பெயரை மீண்டும் ஏட்டில் சேர்த்தது. குழு விதியின்படி நடந்தது உண்மையே. ஆனால், விதிக்குப் பொருந்தாமை வேறு, வஞ்சகம் வேறு. இவ்விரண்டையும் ஒரே தராசில் நிறுத்தது அக்குழுவின் குறை எனல் வேண்டும்.

வஞ்சகத்தின் கதை வேறு வகையானது. கலிபோர்னியாவில் நீர் வாரிய உறுப்பினர் ஒருவர், 2007இல் நடந்த கூட்டத்தில், தாம் அவ்வுயர் விருதைப் பெற்றவர் என்று அறிவித்தார். அவர் ஒரு நாள்கூடப் படையில் பணியாற்றியவரல்லர். இத்தகைய பொய்யைக் குற்றமாக்கும் சட்டம் 2006இல் இயற்றப்பட்டிருந்தது. அதன்கீழ் அவர் தண்டிக்கப்பட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. 2012இல் ஒன்பது நீதிபதிகளுள் அறுவர், அச்சட்டம் பேச்சுரிமைக்கு முரணானது என்று தள்ளினர். விருது பெற்றோர் பட்டியலை அரசே எவரும் பார்க்குமாறு வெளியிட்டால் பொய் தானே வெளிப்படும் என்பது நீதிபதி கென்னடியின் கருத்து. பணமோ பிற பயனோ பெறும் நோக்குடன் சொல்லும் பொய்யை மட்டும் தண்டிக்கும் புதிய சட்டம் 2013இல் வந்தது.

பொய்யால் எவருக்கு என்ன தீங்கு என்று இங்கே சிலர் கேட்பர். குற்றமற்ற நன்மை விளையுமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று வள்ளுவரே நெகிழ்ந்து கொடுத்துள்ளார் அல்லவா? கொடுத்தார், ஆனால், பிறருக்கு நன்மை தரும் பொய்க்கே அவ்விடம் தந்தார். தன்னைத் தான் உயர்த்திக்கொள்ளும் பொய்க்கு அன்று. போலி வீரன் எவருடைய பணத்தையும் திருடாமல் இருக்கலாம். ஆயினும், அவன் வெளிப்படும் நாளில் அடுத்து வரும் மெய்யான வீரர்மீதும் ஐயத்தின் நிழல் விழுகிறது. களத்தில் மாண்டவனோ எழுந்து வந்து மறுப்புரைக்க இயலாதவன்.

எனவே வினவத்தான் வேண்டும். ஆனால், ‘பட்டியலில் பெயர் இல்லை, ஆகவே பொய்யன்’ என்று முடிவு கட்டுவது மற்றோர் அநீதி. 1973ஆம் ஆண்டு சூலையில் செயின்ட் லூயிஸ் நகரிலிருந்த படைவீரர் ஆவணக் காப்பகத்தில் தீப்பற்றியது. ஒரு கோடியே அறுபது இலட்சத்திற்கும் மேற்பட்ட கோப்புகள் எரிந்தன. 1912 முதல் 1960 வரை தரைப்படையிலிருந்து விடுபட்டோரின் கோப்புகளில் ஐந்தில் நான்கு பங்கு அழிந்தது. இரண்டு உலகப் போர்களின் வீரர்களும் அக்கால எல்லைக்குள் அடங்குவர். காகிதம் எரிந்ததால் ஒருவன் செய்த செயல் இல்லையென்றாகிவிடுமா? அத்தகையோருக்காகச் சம்பளப் பட்டிகள், மருத்துவமனைக் குறிப்புகள், படைப்பிரிவின் அன்றாட அறிக்கைகள் ஆகியவற்றைத் தேடித் தொகுக்க வேண்டியதாயிற்று. நல்ல ஆய்வாளனின் உழைப்பு பொய்யனைப் பிடிப்பதில் பாதி, மெய்யனைக் காப்பதில் பாதி.

தீயைவிடக் கொடியது முன்முடிவு. இரண்டாம் உலகப் போருக்காக நானூறுக்கும் மேற்பட்டோருக்கு அவ்வுயர் விருது வழங்கப்பட்டிருந்தது. அவர்களுள் கறுப்பினத்தவர் ஒருவர்கூட இல்லை. ஏடு முழுமையாக இருந்தது. அதில் பிழையான பெயரும் இல்லை. ஆனால், இருக்க வேண்டிய பெயர்கள் இல்லை. 1993இல் ஷா பல்கலைக்கழக ஆய்வுக் குழுவினர் பழைய ஆவணங்களைப் புரட்டத் தொடங்கினர். போலிகளைத் தேடுவோர் கேட்கும் அதே வினாக்களையே அவர்களும் கேட்டனர்: எந்த நாள், எந்த இடம், கண்டவர் யார், எழுதியவர் யார்? 1997ஆம் ஆண்டு சனவரி 13ஆம் நாள் எழுவருக்கு விருது அறிவிக்கப்பட்டது. அவர்களுள் அறுவர் அதற்குள் இறந்துவிட்டனர். 1945 ஏப்ரலில் இத்தாலியின் மலைச்சரிவில் போரிட்ட வெர்னன் பேக்கர் ஒருவரே, தமது எழுபத்தேழாம் வயதில், நேரில் வந்து பெற்றுக்கொண்டார்.