மேடையில் இருக்கும் புத்தகம்

நவராத்திரியின் ஒன்பதாம் நாள். நம் சிடாம் கிரி வட்டாரத்தில், தோட்டத்து வீடானாலும் சரி, தாமான் வீடானாலும் சரி, புத்தகங்கள் எல்லாம் சாமிமேடைக்குப் போய்விடும். சந்தனம், குங்குமம், மேலே ஒரு பூ. அன்றைக்குப் படிக்கக் கூடாது. மறுநாள் விஜயதசமி, எடுத்துப் படிக்க வேண்டும். இந்த வழக்கத்தின் முதல் பாதியை நம் பிள்ளைகள் ஒரு வருஷமும் தவற விட்டதில்லை! "இன்னைக்குப் படிச்சா சாமி குத்தம்மா" என்று சொல்லாத பிள்ளை உண்டா? இரண்டாம் பாதிதான் பல வீடுகளில் காணாமல் போச்சு. பள்ளிப் புத்தகம் பைக்குள் திரும்பிப் போகும். பட்டுத்துணி சுற்றிய திருவாசகமும் தாத்தா வாங்கிய பெரியபுராணமும் அடுத்த வருஷம் வரைக்கும் அங்கேயே இருக்கும்.

நண்பர்களே, ஒரு புத்தகத்தைக் கும்பிடுவதும் அதைக் காப்பாற்றுவதும் ஒன்றுதானா?

தேவாரம் கிடைத்த கதை நமக்குச் சமய வகுப்பில் சொல்லித் தந்த கதைதான். மூவர் பாடிய ஏடுகள் சிதம்பரம் கோயிலில் ஓர் அறைக்குள் பூட்டிக் கிடந்தன. சோழ மன்னரும் நம்பியாண்டார் நம்பியும் போய்க் கேட்டபோது, பாடிய மூவரும் வந்தால்தான் கதவு திறக்கும் என்றார்களாம். மன்னர் மூவரின் திருவுருவங்களையே ஊர்வலமாகக் கொண்டுவந்து நிறுத்திக் கதவைத் திறக்க வைத்தார். இதை நாம் மன்னரின் சாமர்த்தியக் கதையாகச் சொல்லி முடித்துவிடுகிறோம். உள்ளே கண்டதை யோசித்துப் பாருங்கள். ஏடுகள் மேல் புற்று. பெரும்பகுதியைக் கரையான் தின்றுவிட்டது. மிஞ்சியதைத்தான் இன்று நாம் ஓதுகிறோம். அந்த அறையைப் பூட்டியவர்கள் பகைவர்கள் இல்லை. மரியாதையோடுதான் பூட்டினார்கள்.

இன்னொன்று இதைவிடக் கொடுமை. உ.வே. சாமிநாதையர் ஏடு தேடிக் கரிவலம்வந்தநல்லூர் கோயிலுக்குப் போனார். வரகுண பாண்டியன் சேர்த்த ஏடுகள் அங்கே இருந்தன என்று கேள்விப்பட்டிருந்தார். சிதைந்த ஏடுகளை நெய்யில் தோய்த்து அக்கினியில் ஆகுதி கொடுத்துவிட்டோம், அதுதான் சாஸ்திரம் என்று பதில் வந்தது. அவர் மனம் எப்படிப் பதறியிருக்கும்! கொளுத்தியவர்களுக்கோ புண்ணியம் செய்த திருப்தி.

நமக்கும் இதில் பங்கு இருக்கிறது. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துக்கு வந்து இறங்கும் சரக்குகளைச் சொல்லும்போது 'காழகம்' என்று ஓர் ஊர் வருகிறது. உரை எழுதிய நச்சினார்க்கினியர் அதைக் கடாரம் என்று விளக்குகிறார். கடாரம் என்றால் நம் கெடாதான். அந்தப் பாட்டு இருக்கும் பத்துப்பாட்டை உ.வே.சா. 1889-ல் அச்சில் கொண்டுவந்தார். பூஜாங் பள்ளத்தாக்குக்குப் போய்ப் படம் எடுத்துக்கொண்டு, "நம்மாளுங்க அப்பவே இங்க வந்துட்டாங்க" என்று பெருமையாகச் சொல்கிறோமே, அந்தப் பேச்சுக்குத் துணை நிற்கிற ஒரு சொல் ஏட்டோடு மக்கிப் போகாமல் நம்மிடம் வந்து சேர்ந்தது படித்தவர்களால். ஒருவர் படித்தார், உரை எழுதினார், இன்னொருவர் அதைத் திரும்பத் திரும்பப் படித்துப் பிழை பார்த்து அச்சில் ஏற்றினார்.

இதனால் பூஜை வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. விடியுமுன்னே பால்மரக் காட்டுக்குப் போய், எழுத்து ஒன்றும் தெரியாமலே ஒரு புத்தகத்தைத் துணியில் சுற்றி, லயத்திலிருந்து லயத்துக்குக் கொண்டுபோன பாட்டிமார்கள் நம் குடும்பங்களில் உண்டு. அவர்கள் கையால் ஆனதை அவர்கள் செய்தார்கள். அந்தக் கும்பிடு இல்லாவிட்டால் புத்தகம் நம் வீடு வரை வந்தே இருக்காது. ஆனால் எழுத்துத் தெரிந்த நாமும் பாட்டி செய்ததை மட்டும் செய்துவிட்டு நிறுத்திக்கொண்டால் அது எந்தக் கணக்கில் சேர்த்தி? திருமுறை ஓதும் போட்டிக்காக ஒரு பதிகத்தை மனப்பாடம் பண்ணி, கிண்ணம் வாங்கியதும் மறப்பதைக்கூட நான் படிப்பில் சேர்க்க மாட்டேன்.

"ஒருமுறை படிச்சாச்சே, மறுபடியும் எதுக்கு?" என்று கேட்கிறார்கள். கண்ணப்ப நாயனார் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து வயதில் படித்தால் கண்ணை அப்பிய வேடர்தான் தெரிவார். உடம்பு சிலிர்க்கும், அவ்வளவுதான். கோயில் கமிட்டியில் நாலு வருஷம் இருந்து, "இது முறையில்லை" என்று யாரையாவது சத்தம் போட்ட பிறகு அதையே எடுத்துப் படியுங்கள். இப்போது சிவகோசரியார் தெரிவார். தினமும் சந்நிதியில் இறைச்சியைக் கண்டு பதறி, கழுவிச் சுத்தம் செய்து, ஆகமப்படி பூஜை செய்தவர். அவரைச் சேக்கிழார் கேலி செய்யவே இல்லை. இறைவன் கனவில் வந்து, மறைந்து நின்று பார் என்கிறார். அவரைத் தள்ளிவிடாமல், காட்டித் தருகிறார். இது சின்ன வயதில் கண்ணுக்குத் தெரியாது. எழுத்து அதேதான். படிக்கிறவன் மாறியிருக்கிறான்.

காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவில் காலையில் பல் துலக்கும் பதினைந்து நிமிஷத்துக்காகக் கீதை சுலோகங்களைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவைத்தார். பதின்மூன்று அத்தியாயம் இப்படியே மனப்பாடம். 'அபரிக்கிரகம்' என்ற ஒரு சொல் அவரைப் பிடித்து உலுக்க, எடுத்து வைத்திருந்த ஆயுள் காப்புறுதியையே விட்டுவிட்டார். நம்மைக் காப்புறுதியை விடச் சொல்லவில்லை, பயப்படாதீர்கள்!

எல்லாப் புத்தகத்தையும் கட்டி அழ வேண்டும் என்பதில்லை. தோட்டத்தை விட்டு அடுக்குமாடிக்கு மாறும்போது இடம் ஏது? எஸ்பிஎம் பயிற்சி நூல்களைப் பழைய பேப்பர் லோரியில் ஏற்றுங்கள். சரஸ்வதி கோபிக்க மாட்டாள். ஆனால் ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' வீட்டில் இருந்தால் அதைக் கொடுத்துவிடாதீர்கள். 1942, 43-ல் ஜப்பான்காரன் போட்ட 415 கிலோமீட்டர் தண்டவாளத்துக்கு நம் தோட்டங்களிலிருந்து ஆட்கள் போனார்கள். பலர் திரும்பவே இல்லை. அந்தக் கதையைச் சொல்ல வீட்டில் இன்று பெரியவர்கள் இல்லாமல் போகலாம். நாவல் சொல்லும்.

மேடையில் இருப்பதை இந்த விஜயதசமிக்கு இறக்குங்கள். பல வருஷத்துச் சந்தனமும் குங்குமமும் பட்டுச் சில பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். இழுத்தால் கிழியும். மெல்லிய அட்டை ஒன்றை இடையில் விட்டு, ஓரத்திலிருந்து நிதானமாகப் பிரித்தால் வந்துவிடும்.