கறுப்பு ஒரு குறையா?

அண்மையில் ஒரு காரியமாகத் திருவண்ணாமலை சென்றிருந்தோம். பெரிய கோயிலை ஒட்டிய கடைவீதியில், நாட்டு மருந்துக் கடை ஒன்றில் நம் சமுதாயத் தாய் ஒருவர் மகளுடன் நின்றிருந்தார். "அடுத்த வாரம் மாப்பிள்ளை வீட்டார் பார்க்க வருகிறார்கள் அண்ணே! பிள்ளைக்கு நிறம் கொடுக்கிற சரக்காகப் பார்த்துக் கொடுங்கள்" என்றார். கஸ்தூரி மஞ்சளும் பூலாங்கிழங்கும் அதிமதுரமும் பொட்டலமாயின. அந்தக் குமர்ப் பெண் தலை நிமிரவேயில்லை.

இது மார்க்கத்தில் ஆகுமானதா என்று கேட்குமுன், பொட்டலத்தில் உள்ளதைப் பார்ப்போம். தோலுக்கு நிறம் தருவது மெலனின். அதை உண்டாக்கும் உயிரணுக்கள் கறுத்தவருக்கும் சிவந்தவருக்கும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கைதான். உண்டாகும் அளவிலும் வகையிலுமே வேறுபாடு. கடும் வெயிலுக்கு இறைவன் விரித்த குடை அது. டைரோசினேஸ் என்னும் நொதியின்றி மெலனின் உண்டாகாது. அதிமதுரத்திலுள்ள கிளாப்ரிடின் அந்த நொதியைத் தடுக்கிறது. ஆகவே மூலிகையின் குணம் பொய்யல்ல. ஆனால் அது தற்காலிகத் தடையே; பூசுவதை நிறுத்தினால் பிறவி நிறம் திரும்பிவிடும்.

"செடிச் சரக்கு தீங்கு செய்யாது" என்பாரும் உண்டு. மரப்பட்டையில் இயற்கையாகவே காணப்படும் ரோடோடென்ட்ரால் என்ற பொருளைச் சேர்த்த பூச்சுகளை ஜப்பானின் கானெபோ நிறுவனம் விற்றது. நிறமியைத் தடுக்கப் போன பொருள் நிறமி அணுக்களையே அழித்தது. பல்லாயிரம் பேருக்கு வெண்திட்டுகள் படர்ந்தன. 2013-இல் அப்பூச்சுகள் திரும்பப் பெறப்பட்டன.

வெண்திட்டு வந்தவர் இழந்த நிறத்தைத் தேடி, அதே நாட்டு மருந்துக் கடையில் கார்போக அரிசி கேட்கிறார். ஸ்பெயின் நாட்டு முஸ்லிம் மருத்துவ மேதை இப்னு அல்பைத்தார் 13-ஆம் நூற்றாண்டிலேயே வெண்திட்டுக்கு மூலிகை எழுதி வைத்தார். நோய்க்கு மருந்து தேடுவது ஆகுமானதே. முகத்தில் படரும் மங்குக்கு மருந்திடுவதையும் நாம் குறை கூறவில்லை. ஆனால் பிறவி நிறம் நோயா?

மனிதரின் மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பதைத் தன் அத்தாட்சிகளில் ஒன்றாகவே அல்லாஹ் திருமறையில் (30:22) கூறுகிறான். ஹிஜ்ரி 8-இல் மக்கா வெற்றியின்போது, கஃபாவின் மீதேறி பாங்கு சொல்லும் பேற்றை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கறுப்பரான பிலால் (ரலி) அவர்களுக்கே அளித்தார்கள்.

"பெண் பார்ப்பது சுன்னத்தாயிற்றே, அழகு பார்க்கக் கூடாதா?" எனலாம். பார்க்கலாம். மனம் ஒப்பவில்லையென்றால் கண்ணியமாக விலகலாம். ஆனால், "பெண் கொஞ்சம் கறுப்பு" என்று சொல்லிக் கைக்கூலியைக் கூட்டிக் கேட்கிறோமே, அதற்கு என்ன பெயர்? படைத்தவனின் அத்தாட்சிக்கு அபராதம் விதிக்க நாம் யார்?

அந்தப் பெண் மஞ்சள் அரைப்பதைத் தடுக்குமுன், அவளை அரைக்க வைத்த நம் நாவைத் தடுப்போம். நன்றி கெட்டவள் அவளல்லள். அவளுக்கு அளிக்கப்பட்டதை அவளே வெறுக்கும்படி செய்தது நாம். மறுமையில் கேள்வி நம்மிடமும் உண்டு.

நிறத்தைக் கேளாமல் தீனைக் கேட்கும் மனத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.