உரையளவையும் மூலிகைச் சோதனையும்

முன்னோர் மருந்தென்று சொன்ன மூலிகையைச் சோதித்துப் பார்ப்பது அவர்கள் வாக்கை ஐயுறுவது ஆகுமா என்னும் வினா, நீரிழிவுக்கான சித்த, ஆயுர்வேத மருந்துகளை ஆராயுமிடத்தெல்லாம் எழுகிறது. சைவ சித்தாந்தம் அறிவு பெறும் வழிகளாக மூன்று அளவைகளை ஏற்கிறது: புலன்களால் நேரே அறிவது காட்சி, அறிந்ததைக் கொண்டு அறியாததை உய்த்துணர்வது கருதல், இறைநூலாலும் குற்றமற்ற மெய்யறிவினர் சொல்லாலும் அறிவது உரை. மருத்துவ நூல்களின் கூற்று உரையின்பாற்படும்.

அவ்வுரைக்குத் தகுதி எங்கிருந்து வருகிறது என்பதைக் கௌதமரின் நியாய சூத்திரம் ஆராய்கிறது. மருத்துவ நூலை நம்புவதுபோலவே வேதத்தையும் சொன்னவர் தகுதியால் நம்பலாம் என்பது அதன் வாதம். மருத்துவ நூல் சொன்னபடி செய்தால் சொன்ன பயன் விளைவதே அதன் தகுதிக்குச் சான்று என்று உரைகாரர் வாத்ஸ்யாயனர் விளக்குகிறார். ஆகவே மருத்துவ உரை பயனில் ஊன்றி நிற்பது. பயனைச் சோதிப்பவர் மரபுக்குப் புறம்பானவர் அல்லர்.

பயனைக் கண்டறிவதோ எளிதன்று. நீரிழிவுக்கு மருந்தாகச் சொல்லப்படும் சிறுகுறிஞ்சான் இலையை மென்றபின் சர்க்கரையை வாயிலிட்டால் மணலைத் தின்பதுபோல் இருக்கும். இலையிலுள்ள ஜிம்னிமிக் அமிலங்கள் இனிப்பை உணரும் நாவின் ஏற்பிகளைச் சிறிது நேரம் மறைத்துவிடுகின்றன. இதைக் கொண்டே இரத்தத்திலும் சர்க்கரை குறையும் என்று முடிவு செய்வது பிழையான கருதலாகும். சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1990-இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டாம் வகை நீரிழிவுள்ள 22 பேர் வழக்கமான மாத்திரையோடு இலையின் சாரத்தையும் 18 முதல் 20 மாதங்கள் உண்ண, இரத்தச் சர்க்கரை குறைந்தது. ஐவரால் மாத்திரையையே நிறுத்த முடிந்தது. இது நம்பிக்கை தரும் முடிவே எனினும், உணவுக் கட்டுப்பாடும் தொடர்ந்த கவனிப்பும் தாமே சர்க்கரையைக் குறைக்கக்கூடும் ஆதலால், பெருந்தொகையினரைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்து, மருந்து உண்பவர் யார், மருந்தற்ற போலி மாத்திரை உண்பவர் யார் என்பது நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாதவாறு ஒப்பிட்டாலன்றி மூலிகையின் பங்கு தனியே புலப்படாது.

இன்சுலின் சுரப்பு அற்றுப்போன முதல் வகை நோயாளி மூலிகையை நம்பி ஊசியை நிறுத்தினால், கீட்டோன் அமிலங்கள் பெருகிச் சில நாட்களிலேயே உயிர் போகலாம்; மாத்திரையோடு அளவறியாது மூலிகையைச் சேர்ப்பவருக்குச் சர்க்கரை அபாயமாகத் தாழலாம். எந்த இலையை நாட வேண்டும் என்பதை உரை காட்டுகிறது. எவருக்கு, எவ்வளவு, எதனோடு என்பதைச் சோதனையே வரையறுக்கிறது. நோயாளி பிழைக்க வேண்டும் என்பதற்காகவே மருத்துவ நூல்கள் இயற்றப்பட்டன ஆதலால், அவற்றின் சொல்லைச் சோதித்து, நிற்பதைக் கொண்டு நில்லாததை விடுவதே அவற்றை இயற்றியோர்க்குச் செய்யும் மெய்யான மரியாதையாகும்.